தண்ணீரை வெளியே கொடுத்தேன்

நீங்கள் போட்டிருக்கும் சட்டைக்கு இஸ்திரி போட்டது யார் என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே, ஐயா. கடையில் கொடுத்திருப்பீர்கள், மடிப்பைப் பார்த்தாலே தெரிகிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை. நமக்கே உரிய வேலையை நாம் வைத்துக்கொண்டு, மற்றதை அது தெரிந்தவன் கையில் கொடுத்துவிட வேண்டும். வேலையை வெளியே கொடுப்பதன் அரிச்சுவடி அவ்வளவுதான்.

நான் அந்தச் சிறுநீரகச் சிகிச்சை மையத்தின் நிர்வாகி. பதினான்கு நாற்காலிகள், பதினான்கு இயந்திரங்கள். நோயாளி வாரத்துக்கு மூன்று முறை வந்து நான்கு மணி நேரம் உட்காருவார். இயந்திரம் அவர் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, உள்ளே அனுப்பும். யோசித்தால் அதுவும் வெளியே கொடுத்த வேலைதான். ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன்.

முதலில் சலவையைக் கொடுத்தேன். விரிப்புகள் முன்பைவிட வெள்ளையாக வந்தன. பிறகு காவல், பிறகு துப்புரவு. யாரும் குறை சொல்லவில்லை. நான்காவதாகத் தண்ணீரை ஒரு நிறுவனத்திடம் கொடுத்தேன்.

தண்ணீரைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் குடிக்கும் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் இருக்கும். வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. இயந்திரத்துக்குள் போனால் ரத்த அணுக்களை உடைத்துவிடும். அதனால் பெரிய கரித்தொட்டி ஒன்றில் வடிகட்டித்தான் உள்ளே விடுவோம். அந்தக் கரி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு வேளையும் பார்க்க ஒருவர் இருந்தார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, நாலு சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நிறம் மாறாவிட்டால் நல்லது. இளஞ்சிவப்பானால் ஒரு இயந்திரமும் ஓடக்கூடாது. பதினோரு வருடம் இதையே செய்ததால் அவரைச் சொட்டு அண்ணன் என்று கூப்பிடுவோம்.

அவரை வேலையை விட்டு அனுப்பிய அன்று என் அறைக்கு வந்தார்.

"நான் பாத்தா என் கண்ணு பாக்குது சார். அவங்க பாத்தா யாரு கண்ணு பாக்கும்?"

"அதெல்லாம் ஒப்பந்தத்துல எழுதியிருக்குண்ணே," என்றேன்.

எழுதித்தான் இருந்தது. பரிசோதனை அவர்கள் பொறுப்பு, கரி மாற்றுவது அவர்கள் பொறுப்பு, தினமும் காலையில் அறிக்கை அனுப்புவது அவர்கள் பொறுப்பு. பொறுப்பு என்ற சொல் அதில் பத்தொன்பது இடங்களில் வருகிறது. அந்த நிறுவனம் வேலையை இன்னொரு நிறுவனத்தின் தலையில் கட்டியது. அது ஒன்பது கட்டிடங்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு ஆளைப் போட்டது. எனக்கு இது பிறகுதான் தெரிந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ரொம்பப் பிறகு அல்ல. மூன்றாவது மாதம்.

ஒரு வெள்ளிக்கிழமை மோட்டார் எரிந்துபோய் மையத்தையே மூடியிருந்தோம். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அன்று காலை ஏழு மணிக்கும் அறிக்கை வந்தது. அன்றைய காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தண்ணீர் சரி.

இரண்டு முறை படித்தேன். டீயைக் குடித்து முடித்தேன். புரியவில்லை என்று சொன்னால் பொய். புரிந்தது. அதுவரை வந்த எல்லா அறிக்கையும் இப்படித்தான் வந்திருக்கும் என்பதும் புரிந்தது.

ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டால் நான் கேட்டதாகப் பதிவாகும். பதிவானால் எனக்குத் தெரியும் என்றாகும். தெரிந்தால் மையத்தை மூட வேண்டும். மூடினால் எண்பது பேர் எங்கே போவார்கள்? ஒரு வேளை தவறினாலே அவர்களுக்கு மூச்சு முட்டும். அவர்கள் நன்மையையும் நான் யோசித்தேன். தலைமை அலுவலகம் மற்ற நான்கு மையங்களுக்கும் என் முறையையே கொண்டுபோகச் சொல்லியிருந்தது. அதையும் யோசித்தேன்.

நேற்றிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். அக்காவை ஏன் மாற்றினேன்.

அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். எங்கள் மையத்தில் ஆறாம் நாற்காலி அவளுடையது. அந்த வெள்ளிக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை அவளை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு மையத்தில் சேர்த்தேன். பேருந்து மாறிப் போக வேண்டும். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அங்க யாரையும் தெரியாதேடா. இங்க ஏழாம் நாற்காலிக்காரி இருக்கா, பேசிட்டே இருந்தா நாலு மணி நேரம் போறதே தெரியாது."

ஏழாம் நாற்காலியில் இருந்தவர் ஒரு தையல்காரப் பெண். ஊசி குத்திய கையை அசைக்காமல், மறு கையால் அக்காவுக்குப் படம் வரைந்து காட்டுவார். ஜன்னல் திரைக்கு எப்படி மடிப்பு வைப்பது என்பதற்கெல்லாம்.

"அங்க டாக்டர் நல்லவரு," என்றேன்.

"அப்போ அவளையும் கூட்டிட்டுப் போகலாமே."

"அவங்க எங்க மையத்துல பதிஞ்சவங்கக்கா. நான் எப்படி சொல்ல முடியும்?"

சொல்லியிருக்க முடியும். நாக்கு என்னவோ வாயில்தான் இருந்தது. ஆனால் அவரிடம் சொன்னால் எட்டாம் நாற்காலிக்கு யார் சொல்வது? ஒன்பதாம் நாற்காலிக்கு? ஒரு வரிசையில் எங்காவது நிறுத்தத்தான் வேண்டும். நான் ஆறில் நிறுத்தினேன்.

அதற்கு நான்கு வாரம் கழித்து தலைமை நர்ஸ் வந்தார். மழைக்குப் பிறகு நகரத் தண்ணீரில் மருந்து வாடை அதிகமாக இருக்கிறதாம்.

"சார், ஒரு தடவை நாமளே டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா? சொட்டு அண்ணன் பெட்டி என்கிட்டதான் இருக்கு. அஞ்சு நிமிஷம்."

"கொடுங்க, நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

அவர் நிம்மதியாகப் போனார். என் மேசையின் கீழ் இழுப்பறையில் அதை வைத்துப் பூட்டினேன். நாமே பரிசோதித்தால் பொறுப்பு நம்மிடம் திரும்பிவிடும். ஒப்பந்தத்தின் பதினான்காம் பத்தி அப்படித்தான் சொல்கிறது.

அந்தப் புதன்கிழமை முதல் வேளை தொடங்கி ஒன்றரை மணி நேரம் இருக்கும். மூன்றாம் நாற்காலியில் இருந்த பழைய பஸ் டிரைவர் முதுகு வலிக்கிறது என்றார். பிறகு பதினோராம் நாற்காலி. பிறகு வரிசையாக. குழாயில் ஓடிய ரத்தம் அடர்த்தி போய், சாயத் தண்ணீர் மாதிரி தெளிந்துகொண்டே வந்தது. நர்ஸ்தான் முதலில் பார்த்தார். ஒவ்வொரு குழாயாகக் கவ்வி போட்டுக்கொண்டே ஓடினார். மூச்சுத் திணறலுக்கு நடுவே தையல்காரப் பெண் என் பக்கம் கையை நீட்டினார்.

"உங்க அக்கா இப்போ இங்க வர்றதில்லைல்ல சார்? நல்லவேளை."

நான் தலையசைத்தேன். அறைக்குப் போய் ஒப்பந்தக் கோப்பை எடுத்துப் பதினான்காம் பத்தியைச் சரிபார்த்தேன். திரும்பி வந்தபோது நான்கு பேர் இறந்திருந்தார்கள். டிரைவர், தையல்காரப் பெண், ஒரு கணக்கு வாத்தியார், வந்து மூன்றே வாரமான ஒரு கல்லூரி மாணவி.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரை யாரும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று நாளாகத் தெரியும். பார்க்க நினைத்தவரின் கையிலிருந்தும் பெட்டியை வாங்கிப் பூட்டினேன். சாவி என்னிடம்தான் இருந்தது. என் ரத்தத்தை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மற்றவர்களை உட்கார விட்டேன். கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள்.

ஒரே ஒரு உதவி. ஏழாம் நாற்காலிக்காரி ஏன் போன் எடுப்பதில்லை என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இங்கே இதற்கென்று பழகிய பெண் காவலர் இருப்பார் இல்லையா, பக்குவமாகச் சொல்லத் தெரிந்தவர்? அவரை அனுப்பிச் சொல்லச் சொல்லுங்கள், ஐயா. நான் சொன்னால் சரியாக வராது. தெரிந்தவர்கள் செய்தால்தான் எந்த வேலையும் சுத்தமாக இருக்கும்.