ரெண்டு ஜெராக்ஸ்

தானாச் சிரிக்கிறேன்னு தப்பா நெனைக்காதீக அக்கா, நான் கிறுக்கி இல்ல. எனக்கு வியாதி இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக, அந்தச் சந்தோசம்! அட, நெசமாத்தேன். இந்தா, சீட்டப் பாருங்க. ஃபைப்ரோமயால்ஜியா. மூணு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டேன். தேனி பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு வந்தேன், மறந்துறக் கூடாதுல்ல.

ஆறு வருசம்க்கா. கழுத்து, தோளு, இடுப்பு, முட்டின்னு வலி ஊர்கோலம் போகும். ரத்தம் எடுத்தாக, எக்ஸ்ரே எடுத்தாக, வாதத்துக்குப் பாத்தாக. எல்லாம் நார்மலு. நார்மலு நார்மலுன்னு வரவர வீட்ல எனக்கு மரியாதை கொறஞ்சுக்கிட்டே போச்சு. எங்க மாமியா பேயோட்டுற கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போயி வேப்பங்கொழையால நாலு அடி வாங்கிக் குடுத்தாக. அதுவும் வலிச்சது!

போன வருசம் முளைப்பாரிக்கு, அன்னைக்குன்னு ஒடம்பு லேசா இருந்துச்சு, ஆசை யாரை விட்டுச்சு, ஒரு கும்மி அடிச்சுட்டேன். அடுத்த மூணு நா படுக்கை. கும்மியடிக்கத் தெம்பிருக்கு, குண்டான் கழுவத் தெம்பில்லயான்னு மாமியா கேட்டாக. தெருவே சிரிச்சுச்சு.

டாக்டரம்மா சிரிக்கல. ஒரு நா நல்லாருக்கும், மறுநா ஆளச் சாச்சுப்புடும், இந்த வியாதியோட கொணமே அதாம்மா அனுசுயான்னாக. தூக்கம் எப்படின்னு கேட்டாக. இத்தன வருசத்துல ஒருத்தரும் கேக்கலக்கா! எலும்புல கோளாறில்லையாம். ரேடியோவுல சவுண்டக் கூட்டி வச்ச மாதிரி மூளை வலியக் கூட்டிக் காட்டுதாம். சுத்தமாப் போகாதாம், ஆனா மாத்திரை, தூக்கம், தெனம் கொஞ்சம் நடைன்னு இருந்தா கொறைச்சுப்புடலாமாம். நடிப்பில்லைன்னு எழுதிக் குடுங்கன்னேன். தமிழ்லயே எழுதிட்டாக, வலி உண்மைன்னு. சீலு வேற!

இதுவா, ஜெராக்ஸு. ரெண்டு எடுத்தேன். ஒண்ணு எங்க வீட்டு ஃபிரிட்ஜு கதவுல ஒட்ட. மாமியா தண்ணி எடுக்கிறப்பல்லாம் படிக்கட்டும்.

இன்னொண்ணுக்குத்தேன் இந்த வண்டில ஏறுனேன். இல்லாட்டி அனுமந்தன்பட்டிக்காரிக்கு இந்தப் பக்கம் என்ன வேலை? கடமலைக்குண்டுல எங்க மதினி சுப்புத்தாயி இருக்காக, அண்ணன் பொண்டாட்டி. அவுகளும் ஒரு நா ஓட்டம், ஒரு நா படுக்கை. அதே வியாதியான்னு டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும், வியாழக்கெழமைக்கு அவுக பேர்ல டோக்கன் போட்டுட்டேன். எல்லாம் நடிப்புன்னு அண்ணன் பத்து வருசத்துக்கு முந்தி இங்கன அவுக அம்மா வீட்ல கொண்டாந்து விட்டுச்சு. பெறகு கூப்புடவேயில்ல.

அண்ணன் பாவம், அதுவா அப்படி நெனைக்கிற ஆளில்ல. கும்மியடிக்கத் தெம்பிருக்கு, குண்டான் கழுவத் தெம்பில்லயான்னு ஒருத்தி கேட்டா, அதுல மனசு மாறிப்போச்சு.

இல்லக்கா, மாமியா இல்ல. அவுக எனக்குச் சொன்னது போன வருசம். மதினிக்குச் சொன்னது நான்.

இந்தா, ஸ்டாப்பு வந்துருச்சு. கையச் செத்த புடிச்சுத் தூக்கிவிடுங்க.