எல்லாரும் ஒன்றாம் நிலையிலிருந்து

இந்தத் தே தாரேக்கில் இனிப்பு கொஞ்சம் கூடுதல், துவான். இருந்தாலும் குடிக்கிறேன். வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

பிரிக்பீல்ட்சில் கணினிக் கடை வைத்திருக்கிறேன். தொண்ணூற்றாறிலிருந்து கடையின் பின்னறையில் ஓர் ஆட்டம் ஓடுகிறது. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். கிள்ளான், ரவாங், காப்பார் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் தொலைபேசிக் கம்பி வழியாக உள்ளே வந்து, ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு, பேயை விரட்டி, புலியைக் கொன்று, நிலை நிலையாக ஏறுவார்கள். என் மனைவி அழகம்மை நாற்பதாம் நிலையில் இருந்தாள். அவளுக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

பண்டமாரானிலிருந்து சபாபதி என்று ஒருவன் வந்தான். துறைமுகத்தில் வேலை. ஆட்டத்துக்குள் ஒரு குளம் உண்டு. அதன் கரையில் இருவரும் எதையும் கொல்லாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டத்தை நடத்துகிறவன் என்பதால் அவர்கள் எழுதுவதெல்லாம் என் திரையிலும் ஓடும். தீபாவளி முடிந்ததும் என்னை விட்டு அவனிடம் வந்துவிடுவதாக ஒருநாள் அவள் எழுதினாள். நான் திரையை அணைத்தேன். சத்தம் போடவில்லை. எனக்குச் சத்தம் பிடிக்காது.

ஆட்டத்துக்குப் புதிய பதிப்பு எழுதினேன். ஆட்டத்துக்குள் இருக்கும் பழைய ஆட்கள் இதில் ஒத்துவர மாட்டார்கள், எல்லாரும் ஒன்றாம் நிலையிலிருந்து தொடங்கவேண்டும் என்று அறிவித்துவிட்டு, அத்தனை பேரையும் அழித்தேன். கத்தி, பெயர், நிலை ஒன்றும் மிச்சமில்லை. காப்பார்க்காரர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். மறுநாளே சிரித்துக்கொண்டு முதலிலிருந்து ஆடினார்கள். அழிப்பது அப்படியொன்றும் கெடுதல் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அழகம்மையும் வந்தாள், வேறு பெயரில். நேராகக் குளக்கரைக்குப் போய் நின்றாள். சற்று நேரத்தில் அங்கே இன்னொரு புதுப் பெயர் வந்தது.

"நான்தான்லா," என்று அவன் எழுதினான்.

"தெரியும். வருவீங்கன்னுதான் நிக்கிறேன்," என்று இவள் எழுதினாள்.

அன்றைக்குப் பயந்ததுபோல் நான் என்றைக்கும் பயந்ததில்லை, துவான். நான் அழித்தது திரையில் இருந்த ஆளைத்தான். விளையாடுகிறவளின் தலைக்குள் பழைய பதிப்பு அப்படியே இருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டது என் தவறுதான்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். சலவைத் துணி மூட்டையோடு அவள் படியிறங்கும்போது பின்னாலிருந்து தள்ளினேன். மணிக்கட்டு முறிந்தது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. "கால் வழுக்கிருச்சிங்க. நல்லவேளை நீங்க கூட இருந்தீங்க," என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கைக்கட்டுப் பிரிக்கும்வரை நானே சோறு ஊட்டினேன். பிரித்த பிறகு மறுபடி தள்ளவேண்டியிருந்தது. இந்த முறை தலை சுவரில் மோதும்படி பார்த்துத் தள்ளினேன்.

கண் விழித்ததும், "நீங்க யாரு?" என்று கேட்டாள். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் பெயரைச் சொன்னேன். அவள் பெயரையும் சொன்னேன். கரண்டி பிடிக்க, பல் துலக்க, நடக்க எல்லாம் நான்தான் கற்றுக்கொடுத்தேன். எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை என்பதையும் கற்றுக்கொடுத்தேன். பாடம்போல் திருப்பிச் சொல்கிறாள்.

நான் அறைக்குள் வந்தால் மட்டும் சுவரோடு ஒண்டிக்கொள்கிறாள். தலையில் அடிபட்டவர்கள் எதைக் கண்டாலும் மிரளுவார்கள் போலிருக்கிறது. அவளைப் பார்க்க வரும் நர்ஸ் இராஜம்மாவைக் கண்டால் ஏனோ மிரளுவதில்லை. அந்த அம்மாதான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டேன், துவான். கையெழுத்தும் போடுகிறேன். என்னை வீட்டுக்கு மட்டும் அனுப்பிவிடுங்கள். இந்த உலகத்தில் அவளுக்கு என் ஒருவனைத்தான் தெரியும். நான் பக்கத்தில் இல்லாவிட்டால், பாவம், பயந்துவிடுவாள்.