தண்ணீர் இல்லாத குளத்துக்குப் பச்சைப் பொத்தான்

என் பெயர் கெலேரா நைவாலு. வயது 47. கணவர் பெயர் பெனி நைவாலு, கப்பலில் எஞ்சின் வேலை. நசினு, வேலவுத் தெரு, 14ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். வைதுலா பல்கலைக்கழகத்தின் கல்விக் கொள்கை, தரக் கண்காணிப்புப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக முதுநிலை அலுவலராக இருந்துவருகிறேன். இந்த மாதம் 6ஆம் தேதி முதல் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறேன். அலுவலகக் கோப்பு ஒன்றை நான் திருடிவிட்டதாக எங்கள் பிரிவின் இயக்குநர் டாக்டர் ஓரிசி வக்கதவா கொடுத்த புகாரின் பேரில், இன்று காலை சுவா நகரக் காவல் நிலையத்தில் சார்ஜென்ட் துய்நவூனா முன்னால் ஆஜராகி, என்னை யாரும் மிரட்டாமலும் ஆசை காட்டாமலும் நானாகவே கீழ்க்கண்டபடி சொல்கிறேன்.

எங்கள் பிரிவின் வேலை, ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் நிரப்பித் தரும் அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவத்தை வாங்கி, நேரில் போய்ப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை, குறை இருந்தால் மஞ்சள், நடத்தவே கூடாது என்றால் சிவப்பு என்று குறிப்பது. டாக்டர் ஓரிசி நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் பிரிஸ்பேனில் பட்டம் வாங்கிக்கொண்டு இயக்குநராக வந்தார். வந்த முதல் மாதமே சிவப்பை ஒழித்தார். "சிவப்பைப் பார்த்தா ஆசிரியருங்க மனசு ஒடிஞ்சு போகுதும்மா. நாம யாரையும் காயப்படுத்த இங்க இல்லை" என்று கூட்டத்தில் சொன்னார். ஆறு மாதம் கழித்து மஞ்சளும் போய்விட்டது. அதற்குப் பதிலாக இளம்பச்சை என்று ஒன்று வந்தது. அதற்கு 'வளர்ந்துவரும் பச்சை' என்று பெயர். அதன் பிறகு அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய பலகையை மாட்டி, ஒரு படிப்புக்கு ஒரு பொத்தான் என்று குத்திவைத்தார். துணைவேந்தர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து அந்தப் பலகையைக் காட்டுவார். அவர்களும் தோட்டத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சென்ற ஆண்டு மார்ச் 12ஆம் தேதி, துறைமுகத்தை ஒட்டிய எங்கள் கப்பல் பயிற்சிப் பள்ளியைப் பார்வையிடப் போனேன். அங்கே கடலில் உயிர் தப்பும் பயிற்சிக்கென்று ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. அதற்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த நீல ஓடுகளின் மேல் இருபத்திரண்டு மாணவர்கள் மிதவை அங்கி மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேட்டில் நின்று பயிற்சியாளர் கேப்டன் அபகுகி விசில் ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சிரிக்காதீங்க மேடம். மோட்டார் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, அடியில வெடிப்பு வேற. ரிப்பேர் கேட்டு ஏழு படிவத்துல எழுதிட்டேன், ஒருத்தரும் படிக்கலை" என்றார். கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே, அதில் இறக்கினால் என்ன என்று கேட்டேன். "காப்பீடு கிடையாதாம் மேடம். கடலு ஆபத்தாம்" என்றார். அவர் நின்ற இடத்திலிருந்து கடல் முந்நூறு அடி இருக்கும்.

அப்போது வாசிதி என்ற மாணவி ஓட்டின் மேல் எழுந்து உட்கார்ந்து, "மேடம், தண்ணிய எப்ப காட்டுவீங்க? தேர்வுலயா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கோரோ தீவைச் சேர்ந்தவள், வயது 22, அந்த வகுப்பில் முதல் மாணவி என்று கேப்டன் சொன்னார். அதன் பிறகு நான் அலுவலகம் திரும்பி, படிவத்தில் சிவப்புப் பேனாவால் 'நடத்தக் கூடாது' என்று எழுதி டாக்டர் ஓரிசியிடம் கொடுத்தேன்.

அவர் அதைப் படித்துவிட்டு, பதினெட்டாம் கேள்வியை விரலால் தொட்டுக் காட்டி, "கேள்வி என்னம்மா? 'நீச்சல்குளம் உள்ளதா'ன்னுதானே? இருக்கா இல்லையா?" என்று கேட்டார். தண்ணீர் இல்லை என்றேன். "தண்ணி இருக்கான்னு கேள்வியே இல்லையே. கேக்காத கேள்விக்கு நீ ஏன் பதில் எழுதறே?" என்றார். மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் முகத்தில் இருந்தது. அடுத்த வாரம் பலகையில் கப்பல் பள்ளிக்கு ஒரு பொத்தான் ஏறியது. இளம்பச்சை.

ஆகஸ்ட் மாதம் வெளித் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர், தலைவர் நியூஸிலாந்துப் பேராசிரியை. அவர்கள் கப்பல் பள்ளிக்கு வரும் நேரம் பத்தரை மணி. வெடிப்பில் ஒழுகும் குளம் நான்கு மணி நேரத்துக்குமேல் தாங்காது என்று கணக்குப் போட்டு, ஒன்பது மணிக்கு லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார்கள். கணக்குப் போட்டவர் டாக்டர் ஓரிசி. நான்கு ஆண்டுகளில் அவர் போட்டு நான் பார்த்த ஒரே சரியான கணக்கு அதுதான். பேராசிரியை எட்டிப் பார்த்து, "தண்ணி ஏன் இப்படிக் கலங்கலா இருக்கு?" என்று கேட்டார். "மாணவர்களுக்கு இயற்கையான அனுபவம் வேணும்ல மேடம்" என்றார் இவர். பேராசிரியை தலையாட்டி எழுதிக்கொண்டார். அவர்கள் நின்று பேசிய நேரத்துக்குள் தண்ணீர் இரண்டு வரிசை ஓடு இறங்கியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மூவரில் ஒருவரும் குனியவில்லை. அதன் பிறகு குழியில் சுட்ட பன்றியும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் மதிய உணவாகப் பரிமாறப்பட்டன. அந்தச் சேம்பிலையைப் பற்றி மூன்று பேரும் நிறைய விசாரித்தார்கள். டிசம்பரில் பல்கலைக்கழகத்துக்குத் தர விருது வந்தது. அதே மாதம் வாசிதி தேறி வெளியே போனாள். உயிர் தப்பும் பயிற்சியில் அவளுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

இந்த ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி பிற்பகல், கோரோ தீவுக்குப் போகும் வழியில் ஒரு சிறிய பயணிகள் கப்பலுக்குள் தண்ணீர் ஏறி அது கவிழ்ந்தது. வாசிதி அதில் தளப் பணியாளராக இருந்தாள். உயிர்காப்புத் தெப்பம் காற்று நிரம்பித் தலைகீழாக விரிந்திருக்கிறது. அவள் நீந்திப் போய் அதன் மேல் ஏறி, வாரைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, தனி ஆளாக அதைப் புரட்டிவிட்டாள். புரட்டும்போது தெப்பம் புரட்டுகிறவர் மேலேயே விழும். விழுந்ததும் அடிப்பாகத்தைக் கையால் தள்ளித் தள்ளி, மல்லாந்தபடி வெளியே வர வேண்டும். அதைத் தண்ணீரில் நாலைந்து முறை செய்து பார்த்தால்தான் உடம்பு பழகும். ஓட்டில் படுத்துப் பழக முடியாது. மிதவை அங்கி அவளை மேலே தூக்கி, தெப்பத்தின் அடியோடு அழுத்திவிட்டது. அவள் நேராக்கிய தெப்பத்தில் ஒன்பது பேர் ஏறி உட்கார்ந்து பிழைத்தார்கள். தங்களுக்கு அடியில் அவள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. கரைக்கு வந்த பிறகு அவர்கள் அவளைத் தேடியிருக்கிறார்கள்.

24ஆம் தேதி துக்கம் கேட்கப் பல்கலைக்கழகம் சார்பில் டாக்டர் ஓரிசியும் நானும் இன்னும் நாலு பேரும் கோரோ போனோம். முறைப்படி பாயும் திமிங்கலப் பல்லும் வைத்தோம். அதன் பிறகு டாக்டர் ஓரிசி பையிலிருந்து வாசிதியின் பட்டயச் சான்றிதழை, கண்ணாடிச் சட்டம் போட்டது, எடுத்து அவள் தகப்பனார் சவேநதாவிடம் நீட்டினார். அவர் மீன் பிடிக்கிறவர். அதை வாங்காமல், "அவளுக்கு அஞ்சு வயசுலேருந்தே நல்லா நீந்தத் தெரியும். ரெண்டு வருஷம் உங்ககிட்ட அனுப்பினேன். நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். டாக்டர் ஓரிசி, "எங்க பாடத்திட்டம் சர்வதேசத் தரத்துல இருக்குங்க ஐயா. விருதுகூட வாங்கியிருக்கு" என்றார். அங்கே இருந்த ஆண்கள் வந்தவர்களுக்கு மரியாதையாகத் தரும் கவா என்ற வேர்ப் பானத்தைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணம் டாக்டர் ஓரிசியைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போயிற்று. திரும்பும் படகில் அவர் என்னிடம், "பார்த்தியா, என்ன மரியாதை இல்லாத ஊரு" என்றார். சான்றிதழ் அவர் மடியில் இருந்தது.

அதன் பிறகு மே 2ஆம் தேதி அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். மேற்படி மாணவர்களுக்கு வாடகைப் படகு வைத்துக் கடலில் மூன்று நாள் பயிற்சி தரப்பட்டதாகவும், அதை நான் நேரில் பார்த்ததாகவும் அதில் இருந்தது. தேதி சென்ற ஆண்டு தேதி. கேப்டன் அபகுகி ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார். "கப்பல் விபத்து விசாரணைக்காரங்க கோப்பைக் கேக்கறாங்க. அதுல குப்பையெல்லாம் இருக்கு, எடுத்துட்டு இதை வெச்சிரு" என்றார். குப்பை என்றால் எது என்று கேட்டேன். "அந்தக் கிழவன் 'தண்ணி இல்லை, தண்ணி இல்லை'ன்னு எழுதினதுதான். நீ சிவப்புல கிறுக்கினதும்" என்றார். செத்தவள் பெயரை அவர் சொல்லவில்லை. அவருக்கு அது ஞாபகம் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

நான் தாளை வாங்கிக்கொண்டு என் மேஜைக்குப் போனேன். பிறகு கேப்டனைத் தேடிப் போய், ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். "ஏழு தடவை நிஜத்தை எழுதினேன் மேடம். எட்டாவது தடவை அவங்க எழுதச் சொன்னதை எழுதினேன். அதைத்தான் படிச்சாங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மாலை நான்கரை மணிக்கு, கேப்டனின் ஏழு படிவங்களும் என் சிவப்புப் படிவமும் இருந்த கோப்பை, புதிய தாளையும் சேர்த்து, என் தாழைக் கூடையில் போட்டு வெளியே கொண்டுவந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மறுநாள் காலை அதை விபத்து விசாரணை அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். ரசீதை இங்கே தாக்கல் செய்கிறேன். கோப்பு பல்கலைக்கழகத்தின் சொத்து என்பதை நான் மறுக்கவில்லை. அதைப் பாதுகாப்பதும் எங்கள் பிரிவின் வேலை என்று பணிவிதியில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து அந்தப் பிரிவில் அன்று ஒரு நாள்தான் அந்த வேலை நடந்தது.

மேலே உள்ளதை சார்ஜென்ட் எனக்குப் படித்துக் காட்டினார். கேட்டபோது இதில் நான் மட்டும் சுத்தமாக இருப்பதுபோல் தெரிந்ததால், கையெழுத்துப் போடாமல் பின்வருவதையும் சேர்க்கச் சொன்னேன். "அது புகார்ல இல்லையேக்கா, எதுக்கு நீங்களே?" என்று சார்ஜென்ட் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

சென்ற ஆண்டு மார்ச் 20ஆம் தேதி டாக்டர் ஓரிசி என்னிடம் புதிய படிவம் ஒன்றைக் கொடுத்தார். பதினெட்டாம் கேள்விக்கு 'உள்ளது' என்று எழுதியவள் நான். இளம்பச்சை குறித்து அடியில் கையெழுத்துப் போட்டவளும் நான். ஆக்லாந்தில் நடக்கவிருந்த தர மாநாட்டுக்கு யாரை அனுப்புவது என்று அந்த வாரம் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனேன். 'கரையோர வளாகங்களில் தர மேம்பாடு' என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேசினேன், கை தட்டினார்கள். ஓட்டில் எழுந்து உட்கார்ந்து அந்தப் பெண் என்னைக் கேட்டு அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தப் படிவம் கோப்பில் கடைசித் தாளாக இருக்கிறது. கோப்பை ஒப்படைக்கும் முன் அதை நான் உருவி எடுக்கவில்லை.

இவ்வளவும் நான் சொல்ல எழுதப்பட்டது, இரண்டாம் முறையும் படித்துக் கேட்டேன், கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை, எல்லாம் நடந்தது.

(ஒப்பம்) கெலேரா நைவாலு