ஒரே தாளில் இரண்டு கையெழுத்து

குன்னூரில் ஊட்டி பஸ் கிளம்பியதும் முன் இருக்கையில் இருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பேட்டன்ட் கேஸுல எதிர்பார்ட்டி எக்ஸ்பர்ட்டோட ஒரே மேசையில டீ குடிச்சேனுங்க. கோர்ட் உத்தரவு."

"டீ குடிக்கவா உத்தரவு போட்டாங்க?"

"உக்கார உத்தரவு. டீ நாங்களா குடிச்சது. முன்னெல்லாம் நான் தனியா எழுதிக் குடுப்பேன், அவரு தனியா எழுதிக் குடுப்பாரு, வக்கீலுங்க வாய்தா வாங்குவாங்க. இப்ப மாத்திட்டாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து, எதுல ஒத்துப்போறோம், எதுல ஒத்துப்போகலைன்னு ஒரே தாள்ல எழுதோணும்."

பெரியவர் டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. வழக்கு, கொழுந்து வெட்டும் மெஷினைப் பற்றியது. மழையில் நனைந்த கொழுந்திலும் கத்தி சிக்காது என்று சொல்லித்தான் ஒரு பட்டறை முதலாளி காப்புரிமை வாங்கினாராம். அதை இன்னொரு கம்பெனி காப்பியடித்துவிட்டதாம். முதலாளி பக்கத்து எக்ஸ்பர்ட் இவர்.

"ரெண்டு மெஷினையும் தோட்டத்துல ஓட்டிப் பாத்தோம். நல்ல மழைங்க."

"எதுல ஒத்துப்போனீங்க?"

"ஒண்ணே ஒண்ணுலதானுங்க. நனைஞ்ச கொழுந்துல ரெண்டு மெஷினும் சிக்குது. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டோம்."

பக்கத்திலிருந்தவர் பெரியவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"மொதலாளிக்குத் தெரியுமுங்களா?"

"அதைச் சொல்லத்தான் இப்ப அவரு ஊட்டுக்குப் போறேன். இந்த டிரைவர் இன்னிக்குன்னு பாத்து வேகமாப் போறாருங்க."