காரணக் கட்டத்தில் ஒரு சொல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் துறைத் தலைவர்களே, இந்த நினைவஞ்சலிக் கூட்டத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியாரான அண்ணி அவர்களே, அவர்தம் அருமை மகளே, இந்த உணவுக்கூடத்தின் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, ஷிஃப்ட் முடிந்த களைப்போடு வந்து நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மேடைக்குப் பழகியவள் அல்லள். மருந்துப் புட்டிகளில் லேபிள் ஒட்டும் வேலைக்கு வந்து, பிறர் வேண்டாமென்று போட்ட கணினிக் கையேடுகளைத் தனியே படித்துத் தேறி, மறைந்தவருடைய பிரிவின் இரண்டாவது நாற்காலிவரை வந்தவள். புகழ்வதற்கு மட்டும் இங்கே நான் எழுந்து நிற்கவில்லை. நம் அணுகல் உரிமைப் பிரிவின் பொறுப்பாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர், நாம் முதுகுக்குப் பின்னால் பூட்டு சார் என்று அழைத்த பெருமகனார், மறைந்த மூன்றாம் நாள், அவர் பெயரில் ஒரு பொய் எழுதப்பட்டது. அதைச் சொல்லாமல் இந்த மேடையைவிட்டு நான் இறங்கப் போவதில்லை.

அவர் செய்த வேலைதான் என்ன? நம் கணினியில் எந்தப் பக்கத்தை யார் திறக்கலாம், யார் மாற்றலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று வகுத்தார். அவ்வளவுதான். அந்த வேலைக்கு யார் நன்றி சொன்னார்கள்? உரிமை கிடைத்தவர் அது தனக்குச் சேர வேண்டியது என்று போனார். கிடைக்காதவர் திட்டிவிட்டுப் போனார். இந்தப் படத்தைப் பாருங்கள். அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதனால்தான் முகம் மங்கலாக இருக்கிறது. பத்தொன்பது ஆண்டு விழாக்களில், "நீங்களும் நில்லுங்கள்" என்று ஒருவர்கூட அவரைப் படத்துக்கு அழைக்கவில்லை.

நிர்வாக இயக்குநர் அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். தாங்கள் பதவியேற்ற வாரம், எந்தெந்த உரிமை வேண்டும் என்ற விண்ணப்பத்தில் 'எல்லாம்' என்று எழுதி அனுப்பினீர்கள். பூட்டு சார் அந்தத் தாளோடு தங்கள் அறைக்கே வந்து, எதையெல்லாம் மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"எதையும் மாத்தப் போறதில்ல. சும்மா இருக்கட்டும்னு கேட்டேன்."

"சும்மா இருக்கறதுக்குப் பார்க்கற உரிமையே போதும் சார்."

இன்றுவரை தங்களுக்கு அந்த உரிமைதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே இந்த நிறுவனத்தைத் தாங்கள் நன்றாக நடத்துகிறீர்கள்!

என்னிடமும் அவர் பறித்தார். பிரிவு பிரிவாக மாறி வந்ததில் எனக்குப் பதினான்கு உரிமைகள் சேர்ந்திருந்தன. பழைய பிரிவின் உரிமையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை; எனக்கோ அது பெருமையாக இருந்தது. ஒரே காலையில் அவற்றை ஆறாகக் குறைத்தார். பதினோரு வருடம் சேர்த்தது என்று சண்டைக்குப் போனேன்.

"சேர்த்து வைக்க இது நகை இல்லம்மா. நாளைக்கு ஒரு தப்பு நடந்தா பதினாலு இடத்துல உங்களைத் தேடுவாங்க. ஆறு இடத்துல தேடினா போதாதா?"

சண்டையை அங்கேயே விட்டேன். மறு வருடம் அவர் பிரிவுக்கே மாற்றல் கேட்டு வந்தேன்.

ஒவ்வொரு விண்ணப்பத்திலும் காரணத்துக்கென்று ஒரு கட்டம் வைத்தார். பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கும் அது புரிய வேண்டும் என்பார். அதில் 'அவசரம்' என்று எழுதி வந்த எதையும் அவர் ஏற்றதில்லை. அவசரம் என்பது வேகம், காரணம் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார். நாளொன்றுக்கு நாற்பது விண்ணப்பங்கள் வரும். நாற்பதையும் படிப்பார். வீட்டில் வண்டிச் சாவி கேட்டாலும் காரணம் கேட்பார் என்று நேற்று அவர் மகள் சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள்.

இனி என் பங்கு.

நம் ஆலையில் மருந்தைச் சோதித்து முடிவைப் பதிவு செய்பவர் ஒருவர். அதை வெளியே அனுப்ப அனுமதிப்பவர் இன்னொருவர். ஒரே கை இரண்டையும் செய்யக் கூடாது. இது பூட்டு சார் உயிராகக் காத்த விதி. அவர் மறைந்த மூன்றாம் நாள், அனுமதிக்கும் அதிகாரி விடுப்பில் இருந்தார். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து, இருநூறு பெட்டி, கிடங்கில் காத்திருந்தது. சோதனை செய்த வேதியியலாளருக்கே ஒரு நாளைக்கு அனுமதி உரிமை கொடுங்கள் என்று உற்பத்தித் தலைவர் வந்தார். பூட்டு சாரின் ஒப்புதல் இல்லாமல் முடியாது என்றேன்.

"ஆள்தானேம்மா போயிட்டாரு. சிஸ்டத்துல இன்னும் இருக்காரு இல்ல? அவரையே குடுக்கச் சொல்லுங்க."

உற்பத்தித் தலைவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கேட்டது அவர், செய்தது நான். அன்று காலையிலிருந்து முப்பது பேருக்கு இல்லை, முடியாது, நாளை வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. இன்னொரு முறை இல்லை என்று சொல்லத் தெம்பில்லை. பூட்டு சாரின் கடவுச்சொல்லை மாற்றினேன். அவராக உள்ளே நுழைந்தேன். அவராக ஒப்புதல் அளித்தேன். காரணக் கட்டத்தில் 'அவசரம்' என்று எழுதினேன்.

பத்தொன்பது ஆண்டுகள் எந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பினாரோ, அதே சொல், தோழர்களே, அவர் பெயருக்குக் கீழே நிற்கிறது. அழிக்க முடியுமா? முடியாது. எந்தப் பதிவையும் எவரும் அழிக்க முடியாதபடி செய்துவைத்தவரே அவர்தான். அதன் கீழே இன்னொரு வரி எழுதலாம். இன்று காலை எழுதினேன்: "மேற்கண்ட ஒப்புதல் அவர் அளித்தது அன்று. அவர் இறந்தபின், அவர் பெயரைப் பயன்படுத்தி நான் அளித்தது." கீழே என் பெயரும் பணி எண்ணும் இருக்கின்றன. ஒரு நாளைக்கு என்று வேதியியலாளருக்குக் கொடுத்து, இன்றுவரை எடுக்காமல் விட்டிருந்த உரிமையைத் திரும்பப் பெற்றேன். அவசரம் என்று அனுமதி வாங்கியும், லாரி வராமல் இன்னும் கிடங்கிலேயே கிடந்த இருநூறு பெட்டிகளும் நிறுத்தப்பட்டன. மருந்தில் குறை இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இரண்டாவது கண் அதைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறது. நடந்ததை எழுதி இயக்குநர் அவர்களிடம் கையளித்துவிட்டேன்.

அண்ணி, உங்கள் கணவரின் பெயர் சுத்தமாக இருக்கிறது. அதில் பட்டது என் கை அழுக்கு.

இந்தப் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவது இத்தகைய கூட்டங்களின் மரபு. தொடரும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதை நிர்வாகம் முடிவு செய்யட்டும். என் ஆறு உரிமைகளையும் எடுப்பதானால் எடுக்கட்டும். எடுப்பவர் யாராயினும் காரணக் கட்டத்தை மட்டும் ஒழுங்காக நிரப்பட்டும். அந்த நாற்காலியில் இருக்கும் நாள்வரை, எவ்வளவு அலுத்தாலும், நாற்பதையும் படிப்பேன். இது என் உறுதி.

ஒருவர் பணியிலிருந்து விலகினால் அன்று மாலைக்குள் அவருடைய கணக்கை மூட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஒன்பது நாட்களாக அதை மூட என் கை வரவில்லை. கூட்டம் முடிந்ததும் மேலே சென்று மூடப் போகிறேன். காரணக் கட்டத்தில் எழுதவேண்டியதை இந்தத் தாளிலேயே எழுதிவைத்திருக்கிறேன்: "காலமானார். இனி இந்தப் பெயரால் எவரும் எதையும் செய்தல் கூடாது."

பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கும் இது புரியும், பூட்டு சார். திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.