இடதுபக்கச் சில்லு

தேத்தண்ணிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது. பரவாயில்லை.

ஆனந்தராசா அண்ணையின் ஐஸ் லொறி கிண்ணியாப் பாலத்தில் சில்லுக் கழன்று கடலுக்குள் போனதும், அவர் செத்ததும் எப்படி என்றுதானே கேட்டீர்கள்? அதற்கு முதலில் என் ஸ்பானரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் மேசையில் கிடக்கிறதே, அதுதான்.

பார்த்தால் மண்வெட்டிப் பிடியில் பித்தளைச் சட்டி கட்டினமாதிரி இருக்கும். துறைமுகத்தில் பழைய கப்பல் ஒன்றிலிருந்து இறங்கிய சாமான். கரண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம். பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் உள்ளே ஒரு சுருள் இறுகும். இறுகி இறுகி, இனி ஏலாது என்ற கட்டத்தில் அறுந்ததுபோல விடுபட்டு, உள்ளே இருக்கும் சுத்தியலை ஓங்கி அடிக்க வைக்கும். அந்த அடி முழுவதும் நட்டைத் திருப்பப் போகும். ஓர் அடிக்கு ஒரு நூலளவுதான் திரும்பும். ஆனாலும் உப்புக்காற்றில் துருப்பிடித்த நட்டே விட்டுக்கொடுக்கும். நான் படிக்கிற தொழில்நுட்பக் கல்லூரியில் இதைப் பற்றி என்னிடம் கதை கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்கள் திரும்பக் கேட்டதில்லை.

ஆனந்தராசா அண்ணைக்கு இது பகிடி. மீன்வாடிக்கு முன்னால் ஆட்கள் நிற்கிற நேரமாகப் பார்த்து, “என்னடா தம்பி, தேங்காய் துருவலையோடை வாறாய், புட்டு எங்கை?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். நல்ல பகிடிதான். ஆனால் அவர் நாள்தோறும் அதையே சொன்னார். ஒரே பகிடியைத் திரும்பத் திரும்பச் சொல்கிற மனிதரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை ரயர் கடையில் அவருடைய இடதுபக்கச் சில்லை மாற்றிப் பூட்டி, கொஞ்சத் தூரம் ஓடினபிறகு நட்டுகளை இன்னொருக்கால் இறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பிப் போக அவருக்கு அலுப்பு. வீதியில் என்னைக் கண்டு லொறியை நிறுத்தினார்.

“உன்ரை துருவலையைத் தா, பாப்பம். வெருகலுக்குப் போகோணும், ஐஸ் கரையுது. எந்தப் பக்கம் அடிக்கிறது?”

“எல்லா நட்டும் மாதிரித்தான் அண்ணை. வலப்பக்கம்.”

அவர் காலமெல்லாம் வான் வண்டி ஓட்டியவர். லொறி கைக்கு வந்து கொஞ்ச நாள்தான். அவருடையதுபோல அந்தக் காலத்து லொறிகளில் இடதுபக்கச் சில்லு நட்டுகளுக்குத் திருகுப் புரி எதிர்ப்பக்கம் வெட்டியிருக்கும், ஓடும்போது தானாகக் கழலாமல் இருக்க. மற்ற இடத்தில் இறுக்குகிற பக்கம் அங்கே கழற்றும்.

நான் ஒரு நட்டையும் தொடவில்லை, ஐயா. அவர்தான் அடித்தார்.

நீங்கள் நல்ல மனிதர். “தெரியாமல் சொன்னது எண்டு எழுதுவம் தம்பி, படிக்கிற பிள்ளை” என்கிறீர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். எதிர்ப்புரி தெரியாதவன் என்று ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

தெரிந்துதான் சொன்னேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசி நட்டில் அவர் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தார்.

“தம்பி, இனி உன்னைப் பகிடி பண்ணமாட்டன். என்ன லேசாப் போகுது, பார்.”

“அதுதான் அண்ணை, சாமானின்ரை கெட்டித்தனம்,” என்றேன். “இன்னும் ரெண்டு அடி அடியுங்கோ.”