இறுக்கிக் கட்டிய பத்து சிலிண்டர்கள்

ஈரத் துணியையும் காய்ந்த துணியையும் ஒரே கூடையில் போடுகிறவர்களோடு எனக்கு எப்போதுமே ஒத்துப்போவதில்லை, ஐயா. மற்றபடி யாரோடும் வம்புக்குப் போகிறவன் இல்லை. வேண்டுமானால் என் மகளைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.

மாப்பிள்ளை கடலுக்கடியில் நீந்தக் கற்றுக்கொடுப்பவர். வேனும் சாமான்களும் என் பொறுப்பு. ஆளை மூழ்கவைக்கும் ஈயக் கட்டிகள் தரையோடு தரையாக இருக்கும். காற்றடைத்த சிலிண்டர்கள் பத்தும் இரண்டு அடுக்குப் பலகையில் குறுக்கே படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் கட்டை, மேலே இரண்டு பெல்ட். முகக் கண்ணாடிகளுக்குத் தனிப் பெட்டி. ரப்பர் உடைகள் ஈரம் சொட்டுவதற்கு மூடி போட்ட தொட்டி. நான் அடுக்கிய வேனில் ஒரு முட்டையை வைத்து மலையைச் சுற்றி வந்தால், இறங்கும்போது அது குஞ்சு பொரித்திருக்குமே தவிர உடைந்திருக்காது.

மாப்பிள்ளை கடலிலிருந்து ஏறிய வேகத்தில் எல்லாவற்றையும் உள்ளே விட்டெறிவார். ஆறு வருஷம் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். எந்தப் பெல்ட் எதற்கு என்று ஒட்டி வைத்தேன். படம் வரைந்து மாட்டினேன். அந்தப் படத்தின் மேலேயே ஈர உடையைத் தொங்கவிட்டார். ஒருநாள் படிக்க வந்தவர்கள் எல்லோர் முன்னாலும், "மாமா, நாம கடலுக்குப் போறோமா, பொண்ணு பார்க்கப் போறோமா? எதுக்கு இவ்வளவு அலங்காரம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வியாழக்கிழமை மதியம் நாங்கள் இருவர் மட்டும்தான் திரும்பினோம். பத்து சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெல்ட்டைப் போட்டுவிட்டு, "இது போதும் மாமா, வீடு கூப்பிடு தூரந்தானே" என்றார்.

"நீங்க சொன்னா சரிதான், மாப்பிள்ளை" என்றேன்.

அவர் தலை துவட்டும்போது அந்த ஒன்றையும் அவிழ்த்தேன். அரைகுறையாகக் கட்டுவதற்குக் கட்டாமலே விடலாம். கட்டைகளையும் உருவினேன். முகக் கண்ணாடிப் பெட்டியை என் பக்கத்து இருக்கையில் வைத்து, அவரைப் பின்னால் உட்காரச் சொன்னேன். "கண்ணாடிக்கு இருக்கிற மரியாதைகூட மாப்பிள்ளைக்கு இல்லையா?" என்று சிரித்துக்கொண்டேதான் ஏறினார். என் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு உண்டு. அவர் அதில் சாய்ந்து, சிலிண்டர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

நாய் குறுக்கே வந்தது என்று முதலில் உங்களிடம் சொல்லியிருந்தேன். நாய் வரவில்லை. இறக்கத்தில் வேகம் எடுத்தேன், பிரேக்கை அழுத்தினேன். ஒரு பாடம், அவ்வளவுதான்.

வேனை நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன், ஐயா. ஈயக் கட்டிகளின் மேல் மூச்சுக் குழாய்கள், குழாய்களின் மேல் சிலிண்டர்கள், எல்லாவற்றுக்கும் அடியில் மாப்பிள்ளை. யாராவது வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அவரை ஓரமாக நகர்த்திவிட்டு, சிலிண்டர்களை ஒவ்வொன்றாகப் பலகையில் ஏற்றினேன்.

"மாமா, யாரையாவது கூப்பிடுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒரு நிமிஷம், மாப்பிள்ளை. பெல்ட்டைப் போட்டுட்டு வந்துடறேன்."

பத்து சிலிண்டர், இருபது பெல்ட். நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஏழாவது சிலிண்டர் வரைக்கும் அவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். நடுவில் விட்டுவிட்டு வந்தால் அடுக்கு குலைந்துவிடும். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும். அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் வேன் அடுக்கியதில்லை.

நீங்கள் கெட்டிக்காரர். உருண்டு விழுந்து ஆளைக் கொன்ற சிலிண்டர், பெல்ட் கழலாமல் அடுக்கில் எப்படிப் படுத்திருக்கும் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் கேட்டபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தேன் என்று நீங்கள் ஒருவராவது கவனித்தீர்களே.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால், நான் கதவைத் திறந்தபோது வேனுக்குள் சாமான்கள் தாறுமாறாகக் கிடந்தன என்று வாக்குமூலத்தின் மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. என் மகள் படிப்பாள்.